உறுப்பும் முழுமையும்

திருவிழா அசனத்திற்கு அரிசி அளக்கும்போது "தலைக்கு எவ்வளவு?" என்று கேட்கிறோம். பந்தி முடிந்ததும் "எத்தனை இலை விழுந்தது?" என்று வினவுகிறோம். நடவுக் காலத்தில் "இன்னும் பத்துக் கை இருந்தால் இன்றே முடிந்துவிடும்" என்கிறோம். உண்பது தலையன்று, நடுவது கை மட்டுமன்று. இவ்வாறு ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் குறிப்பது நம் நாவில் இயல்பாய் அமர்ந்துவிட்டதால், அதனை ஒரு சொல்லாட்சி என்றே நாம் எண்ணுவதில்லை. எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி அதில் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதனை நம் இலக்கணத்தார் ஆகுபெயர் என்றனர். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் ஆகுபெயரின் வகைகளை எண்ணும்போது, முழுமையின் பெயர் உறுப்புக்கு ஆவதையும், உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆவதையுமே முதலில் வைக்கிறார். பின்வந்த பவணந்தியார் நன்னூலில் வகைகளை மேலும் விரித்தார். 'வெற்றிலை நட்டான்' என்றால் நடப்பட்டது கொடி, இலையின் பெயர் கொடிக்கு ஆயிற்று, ஆகவே சினையாகுபெயர். இவ்வளவும் பள்ளியில் நாம் படித்ததே. தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டோம். ஆனால் ஒரு சினையாகுபெயரைச் சினையளவிலேயே பொருள்கொண்டதால் திருச்சபையின் நம்பிக்கை கலக்கமுற்ற காலம் ஒன்று உண்டு.

நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவின் ஆயராயிருந்த அப்போலினார், கிறிஸ்துவின் இறைத்தன்மையை உறுதியாக நம்பியவர், அதற்காக வாதிட்டவர். எனினும் இறைவார்த்தை மனித உடலை ஏற்றதேயன்றி மனித அறிவாற்றலை ஏற்கவில்லை என்றும், அவ்விடத்தை வார்த்தையே நிரப்பிற்று என்றும் அவர் கற்பித்தார். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் வார்த்தை 'ஊன்' ஆனதாகத்தானே கூறுகிறது? நாசியான்சு நகர்ப் புனித கிரகோரியார் இதற்கு மறுப்பெழுதினார். மனித இயல்பின் எந்தப் பகுதியை மீட்பர் ஏற்கவில்லையோ, அந்தப் பகுதி மீட்படையாமலே நின்றுவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். 381ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கம் அப்போலினாரின் கொள்கையைக் கண்டித்தது.

இதே சிக்கலைப் புனித அகுஸ்தினார் 'கடவுளின் நகரம்' நூலின் பதினான்காம் பகுதியில் ஓர் இலக்கண ஆசிரியரைப்போல அவிழ்க்கிறார். அவர் ஆயராகுமுன் சொல்லணி கற்பித்தவர் என்பதை நாம் அறிவோம். 'ஊன்' என்பது அங்கு உறுப்பின் பெயரால் முழு மனிதரைச் சுட்டுகிறது. அதைச் சரியாக உணராத சிலர், கிறிஸ்துவுக்கு மனித ஆன்மா இல்லையென்று கருதிவிட்டனர் என்பது அவரது விளக்கம். நம் மொழியில் சொல்வதானால், சினையாகுபெயரை ஆகுபெயரென்று அறியாததே அவர்களது பிழை.

இனித் தமிழுக்கு வருவோம். பழைய மொழிபெயர்ப்பிலும், நம் முன்னோர் சொல்லிவந்த திரிகால செபத்திலும் இவ்விடத்தில் 'மாம்சம்' என்ற சொல் நின்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'மனிதர்' என்ற சொல்லை ஆள்கிறது. அகுஸ்தினாரின் விளக்கமே இங்கு மொழிபெயர்ப்பாகிவிட்டது எனலாம். அப்போலினாரின் பிழைக்கு இச்சொல்லில் இடமில்லை. அது பெரும் ஆதாயமே. ஆயினும் ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது. விவிலிய வழக்கில் ஊன் என்பது வாடுவது, நோவது, அழிவது. எசாயா நாற்பதாம் அதிகாரம் அதனைப் புல்லுக்கு ஒப்பிடுகிறது. முழு மனிதரைச் சுட்ட அறிவையோ ஆன்மாவையோ சொல்லியிருக்கலாம். நற்செய்தியாளர் தேர்ந்தது அவற்றுள் எளியதை. மிகத் தாழ்ந்த பகுதியைத் தொட்டு முழுமையையும் தூக்கியெடுத்தது அந்தச் சொல். 'மனிதர்' என்று படிக்கும் நாம், பொருளைப் பெற்றுக்கொண்டு அந்த அதிர்ச்சியை விட்டுவிடுகிறோம். ஆகவே வாசகத்தில் 'மனிதர்' என்று படித்தாலும், மறையுரையில் 'ஊன்' என்ற சொல்லை நினைவூட்டுவது நன்று.

ஆண்டவர் கற்பித்த செபத்திலும் இத்தகைய ஒன்று உண்டு. அங்கு நாம் கேட்பது மூலத்தில் அப்பமே. எபிரேயத்தில் 'லெகெம்' என்ற சொல் அப்பத்தையும் குறிக்கும். பொதுவாக உணவையும் குறிக்கும். பெத்லகேம் என்பதற்கு 'அப்பத்தின் வீடு' என்று பொருள் சொல்வர். தமிழ் மொழிபெயர்ப்புகள் 'ஆகாரம்' என்றும் 'உணவு' என்றும் தந்தன. பொருள் பிழையற்றது. எனினும் நம் மக்கள் நாவில் இதற்கு நிகரான ஆகுபெயர் ஏற்கெனவே உண்டு, அது சோறு. 'சோற்றுக்கு வழியில்லை' என்பவர் சோற்றை மட்டும் சொல்லவில்லை. மருந்துக்கும் துணிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வழியில்லை என்கிறார். பொதுச்சொல்லான 'உணவு' வழிபாட்டின் மாண்புக்கு ஏற்றதாயிருக்கலாம். ஆனால் பசித்தவர் குரல் 'சோறு' என்ற சொல்லிலேதான் கேட்கிறது.

இதுவரை கண்டவை உறுப்பிலிருந்து முழுமைக்கு ஏறும் ஆகுபெயர்கள். இதே இலக்கணம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். இங்கிலாந்தின் ஆலைகளில் தொழிலாளரைக் 'கைகள்' என்றே அழைத்தனர். சார்லஸ் டிக்கன்ஸ் 1854இல் வெளியிட்ட 'ஹார்ட் டைம்ஸ்' புதினத்தில் அச்சொல்லைக் கையிலெடுத்து, அவர்கள் கைகளாக மட்டுமே படைக்கப்பட்டிருந்தால் சிலருக்கு எவ்வளவு வசதியாயிருந்திருக்கும் என்று எள்ளினார். இங்கும் உறுப்பு முழுமையைச் சுட்டவே வந்தது. ஆனால் முழுமை திரும்பி வரவில்லை. பயன்படும் பகுதி நின்றது. பசிக்கும் வயிறும் நினைக்கும் நெஞ்சும் உதிர்ந்தன.

ஆங்கில ஆலையோடு இது முடியவில்லை. நம் பங்குகளையே நோக்குவோம். 'காலனி வந்துவிட்டதா?', 'தேர் அந்தத் தெருவுக்குள் போகவேண்டுமா?' என்று பேசுவோர் இன்றும் உளர். இலக்கணப்படி இது இடவாகுபெயர். 'ஊர் சிரித்தது' என்பதுபோன்றதே. ஆனால் 'ஊர் சிரித்தது' என்கையில் ஊரார் அனைவரும் நம் கண்முன் வருகின்றனர். 'காலனி' என்கையிலோ, திருமுழுக்குப் பெற்று நம்மோடு ஒரே பந்தியில் நற்கருணை உண்ணும் சகோதரர் மறைந்து, ஒரு திசை மட்டும் எஞ்சுகிறது. சொல் சுருங்குவதற்கு முன்பே நெஞ்சம் சுருங்கிவிட்டது.

லூக்கா நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் பரிசேயரான சீமோனும் இதையே செய்தார். தம் இல்லத்திற்கு வந்த பெண்ணை அவர் 'பாவி' என்ற ஒரே பண்பால் குறித்து, மனத்துள் கணக்கை முடித்துவிட்டார். இயேசு அப்பெண்ணின் பக்கம் திரும்பியவாறே, இவரைப் பார்க்கிறீரா என்று சீமோனிடம் கேட்கிறார். பின்பு அவருடைய கண்ணீரையும் கூந்தலையும் முத்தத்தையும் நறுமணத் தைலத்தையும் ஒவ்வொன்றாய் எடுத்துரைக்கிறார். ஒரு பெயரால் சுருக்கப்பட்டவர், பகுதி பகுதியாக, மீண்டும் முழு மனிதராக நம்முன் நிற்கிறார்.

ஆதலின் உருவக மொழியைக் கைவிடுங்கள் என்று எழுதுவோரிடமும் பேசுவோரிடமும் நாம் கேட்கவில்லை. அது இயலாது, இயன்றாலும் மொழி வறண்டுவிடும். நாம் வேண்டுவது ஒரு சோதனை மட்டுமே. பகுதியைச் சொன்னபின் முழுமை திரும்பி வருகிறதா? 'தலைக்கு ஓர் இலை' என்னும்போது, ஒருவரும் பசியோடு போகலாகாது என்ற அக்கறை அங்கு இருந்தால், அந்தத் தலை ஒரு முகமாகிறது. அக்கறை இல்லையெனில் அது வெறும் எண்ணிக்கை.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் கண்ணையும் கையையும், தலையையும் காலையும் பேசவைக்கிறார். ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பை நோக்கி, நீ தேவையில்லை என்று சொல்லமுடியாது என்பது அவர் கருத்து. கையைக் கை என்றே அழைப்போம். ஆனால் அது யாருடைய உடலின் கை என்பதை மறவாதிருப்போம்.