சுல்ஹும் சரணடைதலும்

எகிப்தில் ‘ஜல்ஸா உர்ஃபிய்யா’ எனப்படும் வழக்காற்று அமர்வுகளை, இஸ்லாமிய சுல்ஹின் இன்றைய வடிவமாகப் போற்றுவோர் உண்டு. ஊர்ப் பெரியவர்கள், இமாம், பாதிரியார் ஆகியோர் கூடிப் பேசி, நீதிமன்றம் போகாமலே பகை தீர்ப்பது பார்வைக்கு அழகுதான். இத்தகைய பல அமர்வுகளில் காவல் அதிகாரியும் வீற்றிருக்கிறார் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

2014 ஏப்ரலில் அஸ்வானில் பனீ ஹிலால் குலத்தாருக்கும் தாபூதிய்யா நூபியருக்கும் மூண்ட மோதலில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அத்தய்யிப் சமாதான முயற்சியில் இறங்கினார். இரு தரப்பிடமும் ஆயுதமும் ஆட்பலமும் இருந்தன. அத்தகைய இடத்தில் நடுவரின் சொல் உயிர் காக்கும்.

மின்யா மாகாணத்தின் அல்கர்ம் கிராமத்தில் நிலைமை வேறு. 2016 மே 20 அன்று, கிறிஸ்தவர் ஒருவருக்கும் முஸ்லிம் பெண்ணொருவருக்கும் தொடர்பு என்ற வதந்தியால் கிளர்ந்த கூட்டம் வீடுகளைக் கொளுத்தியது. அவருடைய முதிய தாயைத் தெருவில் ஆடை களைந்து இழிவுபடுத்தியது. சமரச அமர்வை ஏற்க பிஷப் மகாரியோஸ் மறுத்தார். சட்டத்தின் வழியே நீதி கோரினார். 2020 டிசம்பரில் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மூவரையும் விடுவித்தது. சட்டம் கைவிட்டதால் அமர்வு நியாயமாகிவிடாது. வழக்கு நடந்தால் காவல்துறை எங்கிருந்தது என்ற கேள்வி எழும். அமர்வில் அது எழுவதில்லை. எதேச்சாதிகார ஆட்சிக்கு அமர்வு உவப்பாவது இதனால்தான். பாதிக்கப்பட்டவர் ஏன் இசைகிறார் எனில், நாளையும் அவர் அதே தெருவில் வாழவேண்டும்.

ஃபிக்ஹு நூல்களில் சுல்ஹு ஓர் ஒப்பந்தம். மனமுவந்த இசைவே அதன் உயிர். ஷாஃபிஈ மத்ஹபில், எதிர்த்தரப்பு உரிமையை ஒப்புக்கொள்ளாத நிலையில் செய்யும் சுல்ஹு செல்லாது. ஹனஃபிகள் அதை அனுமதிப்பினும், வற்புறுத்திப் பெற்ற இசைவு அவர்களிடமும் கட்டுப்படுத்தாது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9ஆம் வசனம் வரம்பு மீறியவரை அடையாளம் கண்டு தடுத்த பின்னரே நீதியுடன் இணக்கம் செய்யப் பணிக்கிறது. அமர்வுகளோ ‘இரு தரப்பிலும் தவறு’ என்று தொடங்கி, வீடிழந்தவரைப் புகாரைத் திரும்பப் பெறச் செய்து முடிகின்றன. எகிப்தின் தனிமனித உரிமை அமைப்பொன்று 2015இல் வெளியிட்ட ஆய்வு, 2011 முதல் 2014 வரையிலான இத்தகைய 45 நிகழ்வுகளைப் பதிவு செய்துள்ளது.

‘உர்ஃப்’ ஃபிக்ஹில் மதிப்புடையதுதான், நஸ்ஸுக்கு முரண்படாதவரை. ஹலாலை ஹராமாக்கும் சுல்ஹு செல்லாது என்பது நபிமொழி வகுத்த எல்லை. 2012இல் அலெக்ஸாந்திரியாவை அடுத்த அல்ஆமிரிய்யாவில் நடந்த அமர்வொன்றோ, கிறிஸ்தவக் குடும்பங்கள் சில ஊரைவிட்டே வெளியேற வேண்டும் என்று விதித்தது. குடியிருந்த வீட்டில் குடியிருப்பதை அவர்களுக்கு ஹராமாக்கிய அத்தீர்மானத்திற்கும் சுல்ஹு என்றே பெயர் சூட்டினர்.