எண்ணும் எழுத்தும்: தொடர் நாடகத்தின் ஆயுள்

நாடகம் ஒன்று நன்றா தீதா என்பதைத் தீர்ப்பதற்கு அரங்கில் கூடியோரின் தலைகளை எண்ணினாற் போதும் என்று திறனாய்வாளர் எவரும் ஒப்பார். ஆயினும் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வரும் தொடர் நாடகத்தின் ஆயுளைத் தீர்ப்பது பெரும்பாலும் அந்தத் தலைக்கணக்கே ஆகும். நாவல் விலைபோகாவிட்டாலும் நூலகத்தில் கிடக்கும். பத்தாண்டு கழித்தும் ஒருவர் எடுத்து முடிவுவரை படிக்கலாம். தொடர் நாடகமோ இடையில் நிறுத்தப்பட்டால் பாதிப் படைப்பாகவே நின்றுவிடும். ஆகவே, புதிய தொடர் ஒன்று தன் பார்வையாளர் கணக்கைத் தாண்டி உயிர்வாழுமா என்னும் வினா வணிகரின் வினா மட்டுமன்று. கலையின் வடிவத்தைப் பற்றிய வினாவும் ஆகும்.

இக்கணக்கு எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் 1950 முதல் தொலைக்காட்சிப் பார்வையாளரை அளந்து வருகிறது. நாட்டிலுள்ள வீடுகள் அனைத்தையும் எண்ணாமல், தேர்ந்தெடுத்த சில வீடுகளைக் கொண்டு முழுமையைக் கணிப்பது அதன் முறை. அது தரும் அளவுகள் இரண்டு. தொலைக்காட்சிப் பெட்டியுள்ள வீடுகள் நூறு என்று கொள்க. அவற்றுள் அறுபதில் பெட்டி இயங்குகிறது. பதினைந்தில் குறிப்பிட்ட நாடகம் ஓடுகிறது. அந்நாடகத்தின் புள்ளி 15. இயங்கும் பெட்டிகளில் அதன் பங்கு 25 விழுக்காடு. இவ்வெண்களை வைத்தே விளம்பர நேரம் விலை பேசப்பட்டது. எனவே, நாடகத்தின் தரத்தை அளக்க எழுந்ததன்று இவ்வளவை. விளம்பரதாரருக்கு விற்கப்படும் கண்களை எண்ண எழுந்தது. தராசு மாம்பழத்தின் எடையைச் சொல்லும், இனிப்பைச் சொல்லாது. அது தராசின் குற்றமன்று. தராசைக் கொண்டு சுவை பார்ப்போரின் குற்றமே.

இனி, தொடர் நாடகத்தின் இயல்பைக் காண்போம். ஒவ்வொரு வாரமும் ஒரு கதையைத் தொடங்கி அன்றே முடிக்கும் நிகழ்ச்சியில் எந்த வாரமும் எவரும் புகலாம். தொடரிலோ, மூன்றாம் வாரம் வந்து சேர்பவன் பாதி விருந்தில் இலைமுன் அமர்ந்தவன் ஆகிறான். வெளியேறுவது எளிது, உட்புகுவது அரிது. அதன் சிறப்பும் மெல்லத்தான் திரண்டு வரும். இன்று விதைத்த சொல் பத்தாம் வாரத்தில் பலன் தரும். கணக்கோ மறுநாட் காலையிலேயே கேட்கப்படுகிறது. முளைத்து மூன்று இலை விடுமுன்னே காய் எங்கே என்று வினவுவதற்கு இஃது ஒப்பாகும்.

இவ்விடர்ப்பாட்டைக் கடந்த நாடகத்திற்குத் தலையாய சான்று 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்'. ஸ்டீவன் பாச்கோ, மைக்கேல் கோசல் என்னும் இருவர் படைத்த இது, 1981 ஜனவரி 15ஆம் நாள் என்.பி.சி. நிலையத்தில் தொடங்கிற்று. பெயர் குறிப்பிடாத நகரம் ஒன்றின் காவல் நிலையமே களம். ஒரு நாயகனுக்குப் பதில் பத்துக்கு மேற்பட்ட மாந்தர். ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும் பேச்சுகள். கையிற் பிடித்த படக்கருவியின் அசைவு. ஒரு வாரத்தில் முடியாத கதைகள். இவை அனைத்தும் அக்காலத்துப் பார்வையாளருக்குப் புதியன. ஒளிபரப்புக்கு முன் சிலருக்குக் காட்டிச் சோதித்தபோதே, மாந்தர் மிகுதி, குழப்பம் மிகுதி என்னும் குறைகள் எழுந்தன. முதற் பருவத்தில் அதன் நாளும் மாற்றப்பட்டது. பார்வையாளர் கணக்கில் அது அடிவரிசையில் கிடந்தது.

ஆயினும் நிலையம் அதனை நிறுத்தவில்லை. 1981 செப்டம்பரில், முதற் பருவத்திற்கு மட்டும் எட்டு எம்மி விருதுகள் அதற்குக் கிட்டின. 1981 முதல் 1984 வரை நான்கு ஆண்டும் சிறந்த நாடகத்திற்குரிய விருதை அதுவே கொண்டது. 1987 வரை ஏழு பருவங்களாக 146 பகுதிகள் வெளிவந்தன.

இதனைக் கண்டு, 'நல்லது தானே வெல்லும்' என்று கூறுவர் சிலர். அக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. அந்நாளில் அமெரிக்காவின் மூன்று பெரு நிலையங்களுள் என்.பி.சி. மூன்றாம் இடத்தில் இருந்தது. அந்நேரத்தில் வைப்பதற்கு அதனினும் பெருவெற்றி தரும் பண்டம் அதனிடம் இல்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்குப் பொறுமை எளிதில் வரும். மேலும், நாடகத்தைக் கண்டோர் தொகையில் சிலரே எனினும், அவர்களுள் இளையோரும் நகரத்தாரும் வருவாய் மிக்கோரும் மிகுந்திருந்தனர். விளம்பரதாரர் விரும்பி விலைகொடுக்கும் கூட்டம் அது. ஆகவே எழுத்து எண்ணை வென்றது என்பதைக் காட்டிலும், ஓர் எண்ணை மற்றோர் எண் வென்றது என்பதே பொருந்தும்.

இரண்டாம் பருவத்தில் நிலையம் ஒரு நிபந்தனை விதித்தது: ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கதையேனும் முடிவுபெறல் வேண்டும் என்பது. நாடகம் அதற்கு இணங்கிற்று, ஆயினும் சிதையவில்லை. ஏன்? அந்நாடகத்தின் உயிர் எந்தத் தனிக் கதையிலும் இல்லை. நாள்தோறும் அந்நிலையத்திற் கூடிப் பிரியும் மாந்தரிடத்தே இருந்தது. கிளை ஒன்றை வெட்டினாலும் மரம் நிற்கும்.

வேரையே வெட்டிய கதை வேறொன்று உண்டு. டேவிட் லிஞ்ச், மார்க் பிராஸ்ட் ஆகியோரின் 'ட்வின் பீக்ஸ்' 1990 ஏப்ரலில் ஏ.பி.சி. நிலையத்தில் தொடங்கியபோது, முதல் இரவில் 3 கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர். லாரா பாமர் என்னும் பெண்ணைக் கொன்றது யார் என்பதே அதன் வினா. லிஞ்சுக்கோ விடையினும் வினாவே பெரிது. கூட்டம் குறையத் தொடங்கியது; நாடகம் சனிக்கிழமை இரவுக்குத் தள்ளப்பட்டது; விடையைச் சொல்லுமாறு நிலையம் நெருக்கியது. 1990 நவம்பரில் விடை சொல்லப்பட்டது. அதன்பின் பார்ப்பதற்கு என்ன உண்டு என்னும் வினாவே மிஞ்சிற்று. 1991 ஜூன் 10ஆம் நாள், முடிவுறாத முடிவோடு அது நின்றது. எண்ணைக் காப்பாற்றச் செய்த செயலே எண்ணை அழித்தது என்க. ஆயினும் நிலையத்தை மட்டும் பழித்தல் நடுவுநிலைமை ஆகாது. விடைக்குப்பின் வந்த பல பகுதிகள் எழுத்தாலும் தளர்ந்தவையே. 2017இல் 18 பகுதிகளாக அது மீண்டு வந்தது. அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எண்ணின் பிடியிலிருந்து விலகும் வழிகள் வேறும் உள. ஒன்று, விளம்பரத்தை நம்பாத சந்தா நிலையம். எச்.பி.ஓ.வில் 2002 முதல் 2008 வரை வந்த 'த வயர்' பெருங்கூட்டத்தையும் பெறவில்லை. எம்மி விருது ஒன்றேனும் பெறவில்லை. எனினும் ஐந்து பருவங்கள், 60 பகுதிகள் என முழுமை கண்டது. மற்றொன்று, செலவைப் பகிர்தல். 'பிரைடே நைட் லைட்ஸ்' என்னும் தொடர் இரண்டு பருவங்களில் தளர்ந்தபோது, டைரக்டிவி நிறுவனம் என்.பி.சி.யுடன் செலவைப் பங்கிட்டுக்கொண்டது. அதனால் 2011 வரை ஐந்து பருவங்கள் கண்டு, தன் கதையைத் தானே முடித்தது.

இணையவழித் தொடர்கள் வந்தபின் இத்தொல்லை தீர்ந்தது என்று நம்பினோர் பலர். தீர்ந்தபாடில்லை. ஜெர்மானியரான யான்டியே பிரீசே, பாரன் போ ஓடார் இருவரும் மூன்று பருவங்களாகத் திட்டமிட்ட '1899' என்னும் தொடரை நெட்பிளிக்ஸ் 2022 நவம்பரில் வெளியிட்டது. தொடக்கத்தில் பலர் கண்டனர். ஆயினும் 2023 ஜனவரியிலேயே, முதற் பருவத்தோடு அது நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. முன்னாளில் எண் கொடிதாயினும் ஊரறிய இருந்தது. எத்தனை புள்ளிக்குக் கீழே போனால் ஆபத்து என்பது படைப்போனுக்கும் தெரியும். இந்நாளிலோ எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்பதை நிறுவனம் ஓரளவு வெளியிடுகிறது. எத்தனை பேர் முடித்தனர், எந்த எல்லையில் தொடர் பிழைக்கும் என்பவற்றைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. காணாத தராசில் நிறுக்கப்படுவது முன்னினும் கொடிது.

இவற்றால் போதரும் முடிவு யாது? கணக்கைப் பொய்யென்று வைவதிற் பயனில்லை. செலவிடுவோன் கணக்குக் கேட்பது இயல்பே. ஆனால் எப்போது கேட்பது என்பதில் அறம் உண்டு. தொடர் என்பது படைப்போன் காண்போனுக்குத் தரும் வாக்குறுதி: 'இருந்து பார், முடித்துக் காட்டுகிறேன்' என்பது அதன் பொருள். அவ்வாக்கு மீண்டும் மீண்டும் முறிந்தால், முடியும் என்று உறுதியாகும்வரை காண்போர் புதிய தொடரைத் தொடவே அஞ்சுவர். அவர் தொடாமையால் கணக்குக் குறையும். கணக்குக் குறைந்தமையால் தொடர் நிற்கும். தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு போன்றது இது. அதனைத் தடுக்க நிறுவனத்தார் செய்யத்தக்கது ஒன்றே: நிறுத்துவதாயினும் கதையை முடித்துக்கொள்ளச் சில பகுதிகளேனும் அளித்தல். எழுதுவோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு: எந்தக் கிளையை இழந்தாலும் நிற்கத்தக்க வேரை, மாந்தரிடத்தே, முதல் வாரத்திலேயே ஊன்றுதல்.