நாற்பத்து நான்கில் தெரிந்த மின்னல்

2024 ஏப்ரல் முதல் தேதி. ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையைத் தன் மண்ணில் நடத்த ஜெர்மனி ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம். தேசிய அணியின் புது ஜெர்சியில் 44 என்ற எண்ணைப் போட்டு விற்பதை அடிடாஸ் நிறுவனம் நிறுத்தியது. அந்த எழுத்துருவில் 4 கூரிய சாய்கோடுகளால் ஆனது. தனியாக நின்றால் அது வெறும் நான்குதான். இரண்டு நான்குகள் ஒட்டி நின்றாலோ ஹிட்லரின் எஸ்.எஸ். படை அணிந்த இரட்டை மின்னல் தெரிகிறது. லட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்ட வதைமுகாம்களை நடத்திய படை அது. அதன் சின்னத்தைப் பொதுவெளியில் காட்டுவது ஜெர்மனியில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

வரலாற்றாளர் மிகாயேல் கோனிக் சுட்டிக்காட்டியதும் விவகாரம் பெரிதானது. இது தெரிந்தே செய்ததல்ல என்று அடிடாஸ் மறுத்தது. எண்களை வடிவமைத்தது ஜெர்மன் கால்பந்துக் கூட்டமைப்பும் அதன் பங்காளி நிறுவனமும் என்றும் சொன்னது. 4இன் வடிவத்தையே மாற்றுவதாகக் கூட்டமைப்பு அறிவித்தது.

இந்த வேகம் பாராட்டுக்குரியது. நோக்கம் நல்லதா கெட்டதா என்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சின்னத்தால் குடும்பத்தை இழந்தவர்கள் அரங்கில் அதை மறுபடி பார்க்கும்படி விடவில்லை. எண்ணைக் குற்றவாளி ஆக்காமல் எழுத்துருவைத் திருத்தியது இன்னும் சரி. கோளாறு இருந்தது வடிவத்தில்தான்.

இத்தாலி வேறு வழியில் போனது. ஆங்கில அகரவரிசையில் எட்டாவது எழுத்து ‘எச்’ என்பதால், ஹிட்லரை வாழ்த்தும் முழக்கத்துக்கு 88 என்பதை நவநாஜிகள் குறியீடாக வைத்திருக்கிறார்கள். 2000இல் பார்மா அணியின் கோல்கீப்பர் ஜான்லூயிஜி புஃபோன் அந்த எண்ணை எடுத்தபோது யூத சமூகத்தினர் எதிர்த்தார்கள். தனக்கு அந்தப் பொருள் தெரியாது என்று சொல்லி அவர் 77க்கு மாறினார். 2023 மார்ச்சில் லாசியோ ரசிகர் ஒருவர் ஹிட்லர் பெயரைத் திரித்து 88 எண்ணோடு ஜெர்சி அணிந்து அரங்குக்கு வந்தார். அதே ஆண்டு ஜூனில் இத்தாலியக் கால்பந்தில் வீரர்கள் 88 அணிவதற்கே தடை வந்தது.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எண்ணைத் தடுக்கும் வழிக்கு எல்லை கிடையாது. அதே நவநாஜிக் கூட்டம் 18ஐயும் ஹிட்லர் பெயரின் முதலெழுத்துகளாக வைத்துக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் முளைத்த ‘காம்பாட் 18’ என்ற வன்முறைக் குழுவை 2020இல் ஜெர்மனி தடை செய்தது. இந்தியாவிலோ 18 என்றால் விராட் கோலி. நம் அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் முதுகில் போட்டுக்கொண்டு வரும் எண் அது. வெறியர்கள் கைவைத்த எண்ணையெல்லாம் விட்டுக்கொடுத்தால், எது நம்முடையது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். தடை விழ வேண்டியது லாசியோ ரசிகர் செய்தது போன்ற செயலின் மேல்.

ஜெர்மனி முதலில் செய்த சரிபார்ப்பிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 0 முதல் 9 வரை தாங்கள் சரிபார்த்ததாகவும், 1 முதல் 26 வரையிலான எண்களை ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் பார்வைக்கு அனுப்பியதாகவும், யாருக்கும் நாஜிச் சாயல் தெரியவில்லை என்றும் கூட்டமைப்பு விளக்கியது. அந்த 26 எண்களில் ஒரே இலக்கம் இரட்டையாக வருவது 11, 22 இரண்டில் மட்டுமே. 44 அந்தப் பட்டியலில் வர வழியே இல்லை. ஆடுகிறவர்களின் எண்களைச் சோதித்தார்கள். ரசிகர்கள் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் எண்களைச் சோதிக்கவில்லை.

நூற்பாலைகளும் தையல் யூனிட்டுகளும் உள்ள உடுமலைப்பேட்டைக்கு இது எங்கோ நடந்த சங்கதி அல்ல. திருப்பூர் பின்னலாடை போய்ச் சேரும் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. இந்தியத் தயாரிப்பு இப்படிச் சிக்கியதும் உண்டு. 2007இல் சாரா நிறுவனம் ஸ்வஸ்திகா எம்பிராய்டரி போட்ட கைப்பை ஒன்றை பிரிட்டனில் திரும்பப் பெற்றது. பை இந்தியாவில் தயாரானது. தாங்கள் ஒப்புதல் தந்த டிசைனில் அந்தச் சின்னம் இல்லை என்றது நிறுவனம். இங்கே வாசற்படியிலும் கணக்குப் புத்தகத்திலும் மங்கலமாகப் போடுகிற சின்னம், ஐரோப்பியக் கடைக்குள் போனதும் கொலைகாரர்களின் கொடியை நினைவூட்டியது.

பையர் அனுப்பும் ஆர்ட்வொர்க், அச்சுக்கு ஸ்ட்ரைக் ஆஃப், பிறகு சாம்பிள், அதற்கு அப்ரூவல் என்று ஏற்றுமதி ஆர்டரில் எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன. நிறம், அளவு, அச்சு உரிகிறதா என்பதெல்லாம் பார்க்கிறார்கள். அச்சு என்ன சொல்கிறது என்பதையும் அதே ஒழுங்கோடு பார்க்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு அது முடியாத காரியமல்ல. புற்றுநோய் ஆபத்துள்ள சில அசோ சாயங்களை 1990களில் ஜெர்மனி தடுத்தது. 1997இல் இந்தியாவும் தடுத்தது. சாயப்பட்டறைகள் மாறிக்கொண்டன, சோதனைச் சான்று இன்று வழக்கமாகிவிட்டது.

எண் அச்சிடும் ஆர்டருக்கு 00 முதல் 99 வரை நூறு எண்களையும் ஒட்டுமொத்தமாகத் துணியில் அடித்து, அந்த நாட்டு வரலாறு தெரிந்தவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே உற்பத்தி தொடங்க வேண்டும். அந்தச் செலவு பையருடையதாக இருக்க வேண்டும். எந்தச் சின்னம் தன் ஊரில் யாரைப் புண்படுத்தும் என்பது அவருக்குத்தான் தெரியும். உடுமலையில் ஜாப் ஒர்க் எடுத்து ஹீட் பிரஸ் ஓட்டுபவர் வந்த ஆர்ட்வொர்க்கை அப்படியே அடிக்கிறார். ஒப்புதல் பெற்ற அச்சுக்குப் பின்னால் எதிர்ப்பு வந்தால், அவர் தலையில் டெபிட் நோட் விழாதபடி ஆர்டரிலேயே எழுதிக்கொள்வதையும் சந்தேகம் வந்தால் அவர் தயங்காமல் கேட்க ஒரு வழியையும் ஏற்றுமதியாளர்கள் இப்போதே உறுதி செய்ய வேண்டும்.