கொமடோர் 64-இன் குரல்

1982-இல் அமெரிக்காவில் வெளிவந்த கொமடோர் 64 கணினியில் 64 கிலோபைட் நினைவகம்தான். 1994-இல் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனாலும் அதைப் பிரித்து, துடைத்து, ஈயம் பற்றவைத்து இன்றும் ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைவேலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம் தரும் அடாப்டர். பிசின் ஊற்றி மூடிய கனமான பெட்டி அது. வயதாகி உள்ளே ரெகுலேட்டர் பழுதானால், 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் கூடுதல் வோல்ட் வந்து நினைவகச் சில்லுகளைக் கெடுத்துவிடும். விவரமறிந்தவர்கள் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் சுவிட்சைப் போட மாட்டார்கள். பழைய அடாப்டருக்குப் பதில் புதியதைப் பொருத்துவது நல்ல மாற்றம். கணினியின் இயல்பு அதனால் கெடுவதில்லை.

இந்தக் கணினியின் உயிர், பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்னும் ஒலிச் சில்லு. மூன்றே குரல்கள். ஆனால் உள்ளே இருப்பது அனலாக் ஃபில்டர். அது சில்லுக்குச் சில்லு சற்று மாறுபடும். அதனால் ஒரே பாட்டு ஒரு சில்லில் கொஞ்சம் கனமாகவும் இன்னொன்றில் கூர்மையாகவும் ஒலிக்கும். பழைய கணினியை இன்றைய கணினியில் நகலெடுத்து ஓட்டும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். வைஸ் என்ற எமுலேட்டர் இந்த நடத்தையையும் கணக்குப் போட்டு மென்பொருளில் கொண்டுவருகிறது. சிட்டின் 6581, 8580 என்ற இரு ரகங்களில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பழுதுபார்ப்பதும் எமுலேட்டர் எழுதுவதும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. நகல் சரிதானா என்று ஒப்பிட, அசல் ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அசல் ஓய்ந்துபோகும் நாளுக்கு நகல் தயாராக இருக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் பொறுமையாக உழைப்பவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.