ஸாப்ஃபினோ: பேனாவின் வீச்சு எழுத்துருவானபோது

பேனா தாளில் வேகமாக ஓடும்போது பிறக்கும் வளைவையும் சுழிப்பையும் அச்சுக்குக் கொண்டுவந்த ரோமன் எழுத்துருக்களில் ஸாப்ஃபினோ முதன்மையானது. ஜெர்மானிய வனப்பெழுத்துக் கலைஞர் ஹெர்மன் ஸாப்ஃப் (1918–2015) வடிவமைத்த இதை லினோடைப் நிறுவனம் 1998இல் வெளியிட்டது. ஆனால் இதன் முன்மாதிரி 1944ஆம் ஆண்டினது. இரண்டாம் உலகப் போரில் நிலப்படம் வரைபவராகப் பணியாற்றிய ஸாப்ஃப், அப்போது தம் குறிப்பேட்டில் எழுதிய ஒரு பக்கம் அது.

அந்தப் பக்கம் எழுத்துருவாக அரை நூற்றாண்டு ஆனதற்கு ஈய அச்சின் கட்டுப்பாடு பெருங்காரணம். ஈயத்தில் ஒவ்வோர் எழுத்தும் தன் கட்டைக்குள் அடங்க வேண்டும். கட்டையைத் தாண்டி நீளும் வால் எளிதில் ஒடியும். ஈய அச்சுக்கென ஸாப்ஃப் வரைந்த விர்ச்சுவோசா எழுத்துருவில் பேனாவின் வீச்சு அடங்கிப்போனது இதனால்தான். கணினி அந்தத் தடையை நீக்கியது. 1990களில் அமெரிக்க வடிவமைப்பாளர் டேவிட் சீகல் இத்தகைய எழுத்துருவைக் கணினியில் உருவாக்கத் தொடங்கிய முயற்சி பாதியில் நின்றபின், ஸாப்ஃப் அதை லினோடைப்பிடம் கொண்டு சென்று முடித்தார்.

ஸாப்ஃபினோவின் உண்மையான சாதனை அழகு மட்டுமன்று. மனிதர் எவரும் ஒரே எழுத்தை இருமுறை அச்சுப்பிசகாமல் எழுதுவதில்லை. கையெழுத்தைப் போலச் செய்யும் மலிவான எழுத்துருக்களில் ஒரு சொல்லுக்குள்ளேயே ஒரே சுழிப்பு மீண்டும் வந்து, இயந்திரத்தின் வேலை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸாப்ஃபினோ ஓர் எழுத்துக்குப் பல வடிவங்களையும் ஏராளமான கூட்டெழுத்துகளையும் தருகிறது. மேக் ஓஎஸ் எக்ஸுடன் ஆப்பிள் வழங்கிய பதிப்பில் எழுத்துருவின் பெயரைத் தட்டச்சு செய்தாலே, முழுச் சொல்லும் ஒற்றை வடிவமாக இணைந்துவிடும்.

குறைகளும் இதே செழிப்பிலிருந்துதான் வருகின்றன. மேலும் கீழும் நீளும் கோடுகள் அடுத்த வரியோடு மோதுகின்றன; வரி இடைவெளியை வெகுவாகக் கூட்டினாலன்றி நான்கைந்து வரிகள்கூடச் சிக்கலாகிவிடும். முழுவதும் பெரிய எழுத்துகளில் அமைத்தால் படிக்கவே முடியாது. மெல்லிய கோடுகள் சிறிய அளவில் தேய்ந்துபோவதால் முகவரி, தொலைபேசி எண், மருந்துக் குறிப்பு ஆகியவற்றுக்கு இது முற்றிலும் பொருந்தாது. எல்லாவற்றையும்விட வருந்தத்தக்கது, கணினியிலேயே கிடைப்பதால் வந்த மலிவு. கணினி தானாகத் தரும் வடிவங்களையே அப்படியே ஏற்று, மாற்று வடிவங்களைத் தேடிப் பார்க்காமல் அச்சிட்ட அழைப்பிதழ்கள் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஸாப்ஃப் பல வடிவங்களை வரைந்த நோக்கமே அங்கே வீணாகிறது.

திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயர், நூலின் தலைப்பு, சான்றிதழில் ஒரு வரி, மதுப்புட்டியின் பெயர்ச்சீட்டு: இவையே இதற்கு உரிய இடங்கள். சுற்றிலும் வெற்றிடம் விட்டு, விவரங்களை எளிய எழுத்துருவில் அமைத்தால் இதன் வீச்சு எடுப்பாகத் தெரியும்.

2003இல் அகிரா கோபயாஷியின் துணையுடன் வந்த ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ராவில் ஃபோர்ட்டே என்ற தடித்த வடிவம் சேர்ந்தது. கோடுகள் தேயும் குறையை அது பெருமளவு தணித்தது. வரிகள் மோதும் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.