ஒரே மலை, பல கண்கள்

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி வந்ததும், தெற்கே மலைத்தொடர் நீண்டு நிற்கும். முன்னால் தென்னை, நடுவே கரும்பு, பின்னால் நீலமலை. இங்கே கேமரா எடுத்த எல்லோரும் முதலில் எடுக்கும் சட்டகம் இதுதான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பாடகன் குருவின் சங்கதியைப் பாடித்தானே தன் குரலைக் கண்டடைகிறான்!

அப்படித்தான், திருச்சி மலைக்கோட்டையை டேனியல்கள் என்ற ஆங்கில ஓவியர்கள் வரைந்தார்கள். பிறகு புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் அதே பாறையைப் படமெடுத்தார். யாரும் யாரையும் திருடவில்லை. இடம் பொது, பார்வைதான் சொந்தம்.

அந்தப் பார்வை பருவம் தெரிந்தவனுக்கே வாய்க்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், நெய்க்காரப்பட்டியில் வடக்கிலிருந்து பார்க்கும் நமக்கு மலை வெறும் நிழல் வடிவம். ஆனியிலோ வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. மேகம் விலகும் காலையில் ஒவ்வொரு மடிப்பும், ஓடைத் தடமும் தனித்தனியே தெரியும். கொடைக்கானல் தூண்பாறையின் அஞ்சலட்டைக் கோணத்தையே தேடி ஓடுபவர்கள் இந்த மாற்றத்தைத் தவறவிடுகிறார்கள்.

இளைஞர்களே, பிறர் படத்தை ஒருமுறை அப்படியே எடுத்துப் பழகுங்கள். பிறகு அதே இடத்துக்கு ஆனியிலும் மார்கழியிலும் போங்கள்.