தேர்ந்தெடுக்க வாய்த்தவர்களும் வாய்க்காதவர்களும்

வியன்னாப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இயங்கிய ஒரே உளவியல் வட்டம் 1933இல் இரண்டு நூல்களைத் தந்தது. ஒன்று சார்லட் பியூலர் எழுதியது. ஏராளமான வாழ்க்கை வரலாறுகளைப் படித்துப் பகுத்து, மனித வாழ்வு வளர்ந்து, விரிந்து, உச்சம் தொட்டு, பின் மெல்ல இறங்குவது என்று அவர் காட்டினார். மற்றொன்று அவருடைய மாணவி மரீ யஹோடாவும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஹான்ஸ் சைசலும் சேர்ந்து எழுதியது. வியன்னாவுக்கு அருகில் மரியென்டால் என்ற ஊர் ஒரு நெசவாலையை நம்பியே பிழைத்தது. ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்த பிறகு அங்கே மக்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று இவர்களின் குழு கூர்ந்து கவனித்தது. முதல் நூலுக்கு வாரிசுகள் பெருகினார்கள். ஆளுமை, அடையாளம், தொழில் ஆகியவற்றின் வளர்ச்சியைப் படிப்படியாக விளக்கிய கோட்பாடுகள் பலவற்றிலும் அதன் சாயல் உண்டு. இரண்டாவது நூல் வேலையின்மை பற்றிய ஆய்வு என்ற தனி அலமாரிக்குப் போய்விட்டது. இது இத்துறைக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்பது என் கருத்து. ஒரு வளர்ச்சிக் கோட்பாட்டை எடைபோட அதன் கணிப்புத் திறன், அளவீட்டின் நம்பகம், விளக்கத்தின் எளிமை என்று பல அளவுகோல்கள் வழக்கில் உண்டு. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும்: தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லாத ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி அந்தக் கோட்பாடு என்ன சொல்கிறது?

தொழில் வழிகாட்டுதலின் தொடக்கத்தில் இந்தக் கேள்வி மறக்கப்பட்டிருக்கவில்லை. ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் பாஸ்டனில் தொழில் ஆலோசனை நிலையத்தைத் தொடங்கியபோது, அவர் முன்னால் வந்து நின்றவர்களில் பலர் குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். தன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் பகுத்தறிவால் பொருத்திப் பார் என்ற அவருடைய மூன்று படிகள், அவர் இறந்த பிறகு 1909இல் வெளியான நூலில் நிலைபெற்றன. பார்சன்ஸ் ஒரு சமூகச் சீர்திருத்தக்காரர்; வேலைச் சந்தையின் அநீதியும் அவருடைய கவலைதான். பின்வந்தவர்கள் பொருத்தும் நுட்பத்தை எடுத்துக்கொண்டார்கள், கவலையை விட்டுவிட்டார்கள். அந்த நுட்பத்தின் உச்சம் ஜான் ஹாலண்ட். 1959இல் தொடங்கிப் பல பதிப்புகளில் அவர் செப்பனிட்ட கோட்பாடு மனிதர்களையும் பணியிடங்களையும் ஆறு வகைகளாகப் பார்த்தது: கைத்திறன், ஆராய்ச்சி, கலை, சேவை, முனைவு, ஒழுங்குமுறை. ஒருவர் வினாத்தாளைத் தானே நிரப்பி, தானே மதிப்பெண் கூட்டி, மூன்று எழுத்துக் குறியீட்டோடு வீடு திரும்பலாம். நிபுணரின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதில் மெய்யான சனநாயகம் இருக்கிறது. தொழில் விருப்பங்கள் இளமை முதல் நடுவயது வரை வியக்கத்தக்க அளவு நிலையாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் குறியீடு பொருந்தினால் மனநிறைவு வரும் என்ற வாக்குறுதிக்குக் கிடைத்த சான்று மிதமானதுதான். விருப்பத்துக்கும் கிடைத்த வேலைக்கும் நடுவே கூலி, பாதுகாப்பு, மரியாதை, வீட்டிலிருந்து வேலைக்குள்ள தூரம் என்று எத்தனையோ நிற்கின்றன. ஆறு வகைகளில் அவற்றுக்கு இடமில்லை.

பொருத்தம் பார்ப்பது ஒரு நாள் வேலை அன்று, அது வாழ்நாள் முழுக்க நடப்பது என்று சொன்னவர் டொனால்ட் சூப்பர். பியூலரின் கட்டங்களை நேரடியாக எடுத்து, வளர்ச்சி, தேடல், நிலைபெறுதல், பேணல், தளர்வு என்று தொழில் வாழ்வுக்குப் பொருத்தினார். ஒருவர் வேலையைத் தேர்வது தன்னைப் பற்றித் தான் கொண்டிருக்கும் கருத்தை உலகில் நடத்திக் காட்டும் முயற்சி என்பது அவருடைய மையக் கருத்து. அவருடைய பெருமை இந்த வரையறையைவிட, அதைச் சோதிக்கக் காட்டிய பொறுமையில் இருக்கிறது. 1951இல் நியூயார்க் மாநிலத்தின் மிடில்டவுன் என்ற ஊரில் பள்ளிச் சிறுவர்களை ஆய்வுக்கு எடுத்து, அவர்கள் முப்பது வயதைத் தாண்டும்வரை பின்தொடர்ந்தார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எந்த வேலையைச் சொல்கிறான் என்பதை வைத்துப் பின்னாளில் அவன் எப்படி இருப்பான் என்று சொல்ல முடியவில்லை. திட்டமிடும் பழக்கம், வேலைகளைப் பற்றிய அறிவு, தகவல் தேடும் ஆர்வம் இவையே முன்னறிவிப்பாக நின்றன. ஆகவே அந்த வயதில் பள்ளி செய்ய வேண்டியது கதவுகளைத் திறந்து வைப்பதுதான் என்ற முடிவுக்கு வந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, பதினைந்து வயதில், கணக்கு–உயிரியல் குரூப்பா காமர்ஸ் குரூப்பா என்று தீர்மானித்துவிடும் தமிழ்நாட்டு நடைமுறைக்கு எதிராக இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். இருந்தும் மிடில்டவுன் ஆய்வில் இருந்தவர்கள் ஆண்பிள்ளைகள் மட்டும். அவர்கள் வேலைக்குப் போன ஐம்பதுகளும் அறுபதுகளும் அமெரிக்கப் பொருளாதாரம் ஏறுமுகமாக இருந்த ஆண்டுகள். நிலைபெறுதல் என்ற கட்டம் அவர்களுக்கு இயல்பாக வாய்த்ததில் அவர்களுடைய முதிர்ச்சிக்கு எவ்வளவு பங்கு, காலத்துக்கு எவ்வளவு பங்கு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

அடையாளத்தின் கதையும் வியன்னாவிலிருந்துதான் புறப்படுகிறது. அன்னா ஃபிராய்டிடம் பயிற்சி பெற்ற எரிக் எரிக்சன், அதே 1933இல் அந்நகரை விட்டுக் கிளம்பினார். 1950இல் வெளியான அவருடைய முதல் நூல் வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நெருக்கடியை வைத்தது. இளமையின் நெருக்கடி, நான் யார் என்பது. போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய படைவீரர்களைக் கவனித்த அனுபவமும் அந்தக் கருத்துக்குப் பின்னால் உண்டு. அதை அளக்கத்தக்கதாக மாற்றியவர் ஜேம்ஸ் மார்சியா. 1966இல் அவர் வெளியிட்ட ஆய்வின் நேர்காணலில் தொழில், மதம், அரசியல் ஆகிய மூன்றைப் பற்றிக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். அதில் ஒரு கேள்வி எளிமையானது, ஆனால் கூர்மையானது: நீ போவதாகச் சொல்லும் தொழிலைவிட நல்லது ஒன்று வந்தால், இதை விட்டுவிட எவ்வளவு தயாராக இருப்பாய்? பதில் எப்படி வருகிறது என்பதை வைத்து, தேடி முடிவெடுத்தவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், தேடாமலே முடிவெடுத்தவர், தேடலும் முடிவும் இல்லாதவர் என நான்கு நிலைகள். தேடாமலே முடிவெடுத்தவர், அதாவது பெற்றோர் காட்டிய வழியைக் கேள்வியின்றி ஏற்றவர், அதிகாரத்துக்குப் பணிவதில் முன்நிற்பதாக அந்த ஆய்வு சொன்னது. அன்றிலிருந்து பாடநூல்களில் அந்த நிலைக்குக் குறைந்த மதிப்பெண்தான்.

நான்கு ஆண்டுகள் கழித்து மார்சியாவும் ஒரு சக ஆய்வாளரும் கல்லூரிப் பெண்களை ஆராய்ந்தபோது சங்கடமான முடிவு வந்தது. கேள்வியின்றி ஏற்ற பெண்களிடம் தன்மதிப்பு உயர்ந்தும் பதற்றம் குறைந்தும் காணப்பட்டன. அன்றைய அமெரிக்காவில் தேடிக்கொண்டிருக்கும் இளைஞனுக்குச் சுற்றம் பொறுமை காட்டியது, தேடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அப்படிக் காட்டவில்லை என்பதே பலர் தந்த விளக்கம். அப்படியென்றால் அந்த நான்கு பெயர்கள் மனத்தின் நிலையை மட்டும் அளக்கவில்லை, சூழல் எவ்வளவு இடம் தந்தது என்பதையும் சேர்த்தே அளக்கின்றன. இங்கே ஓர் ஆட்சேபம் எழும்: கீழ்ப்படிதலை நியாயப்படுத்த இது நல்ல சாக்காகிவிடாதா? பிள்ளையின் வாயை அடைக்கும் குடும்பத்துக்கு உளவியலே சான்றிதழ் தருவதாகாதா? ஆகாது. ஏற்ற முடிவு மாற்றிக்கொள்ள முடிகிற முடிவா, மறுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற இரு கேள்விகளைச் சேர்த்தாலே, மனமுவந்து ஏற்றவரும் வேறு வழியின்றிப் பணிந்தவரும் தனித்தனியாகத் தெரிவார்கள். மார்சியாவின் நேர்காணல் முதல் கேள்வியைத் தொட்டது, இரண்டாவதைத் தொடவில்லை. தேடலே எப்போதும் நன்மை என்பதும் பின்னாளில் ஆட்டம் கண்டது. பெல்ஜியத்தின் கோன் லாய்க்ஸ் முதலானோர், முடிவுக்கு வராமல் அதையே திரும்பத் திரும்ப மனத்தில் உழற்றும் தேடல் சோர்வோடும் பதற்றத்தோடும் இணைந்திருப்பதைக் காட்டினார்கள்.

நடுவயதுக்கு வரும்போது மாதிரியின் குறுகல் வெளிப்படையாகத் தெரிகிறது. டேனியல் லெவின்சன் 1978இல் வெளியிட்ட நூல் நாற்பது ஆண்களைப் பற்றியது: தொழிலாளர், நிர்வாகி, உயிரியலாளர், நாவலாசிரியர் எனப் பத்துப் பத்துப் பேர். அவர் பெண்களைப் பற்றி எழுதியது 1996இல்தான், அதுவும் அவர் மறைந்த பிறகு வெளியானது. இடையில், 1982இல், கரோல் கில்லிகன் கேட்டார்: பிரிந்து தனித்து நிற்பதை முதிர்ச்சி என்று வைத்துக்கொண்டு, உறவைப் பேணி வளர்பவர்களைப் பின்தங்கியவர்கள் என்பது எப்படி நியாயம்? அவருடைய தரவுகளின் போதாமையைப் பலர் சுட்டியிருக்கிறார்கள், அது சரிதான். கேள்வியின் வலிமை அதனால் குறையவில்லை.

விட்டுக்கொடுத்தலையே ஆய்வுப் பொருளாக்கிய கோட்பாடு 1981இல் வந்தது, லிண்டா காட்ஃப்ரெட்சனுடையது. சிறு வயதிலிருந்தே பிள்ளைகள் வேலைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார்கள் என்றார் அவர். ஆறு முதல் எட்டு வயதுக்குள் ‘இது ஆம்பிளை வேலை, இது பொம்பளை வேலை’ என்று ஒரு கழிப்பு. ஒன்பது முதல் பதின்மூன்றுக்குள் கௌரவம் போதாதது, எட்டாதது என்று இன்னொரு கழிப்பு. சொந்த விருப்பம் என்ன என்ற கேள்வி வருவதற்குள் பட்டியலின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். எஞ்சியதும் கைகூடாதபோது, முதலில் விருப்பத்தை, பிறகு கௌரவத்தை, கடைசியாகவே ஆண்–பெண் வரையறையை விட்டுக்கொடுப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. இந்த வரிசையைப் பின்வந்த ஆய்வுகள் முழுமையாக உறுதிசெய்யவில்லை, அவரும் திருத்திக்கொண்டார். எனினும் ஆலோசகரின் அறைக்கு வரும் பிள்ளை வெறும் ஏட்டோடு வருவதில்லை, பாதி அடித்து நீக்கப்பட்ட ஏட்டோடு வருகிறது என்பதை நிறுவியது அவர் தந்த பெரிய கொடை. லென்ட், பிரவுன், ஹாக்கெட் மூவரும் 1994இல் இதே புலத்தை வேறு பக்கமிருந்து அணுகினார்கள். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை தானாக முளைப்பதில்லை, செய்து பார்க்கக் கிடைத்த வாய்ப்புகளிலிருந்து வருவது என்றார்கள். கணக்கு தனக்கு வராது என்று ஒரு பெண் நம்புவதற்குக் காரணம் தேடினால், அவள் மூளைக்குள் மட்டும் தேடிப் பயனில்லை.

டேவிட் புளூஸ்டீன் 2006இல் இந்த வாய்ப்பின்மையைக் கோட்பாட்டின் நடுவே கொண்டுவந்து வைத்தார். உலகில் பெரும்பாலோர் உழைப்பது பிழைக்க, உறவோடு இணைய, தன் வாழ்வைத் தானே ஓரளவேனும் தீர்மானிக்க. தொழில் என்ற ஏறுமுகக் கதை சிலருக்கே வாய்க்கிறது என்றார். அவரும் சக ஆய்வாளர்களும் 2016இல் உருவாக்கிய மாதிரி, தடைகள் இருந்தும் தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற உணர்வை அளந்து, பொருளாதார நெருக்கடியும் ஒதுக்கலும் அதை எவ்வளவு குறைக்கின்றன என்று கேட்கிறது. இது உளவியல் அன்று, சமூகவியல் என்பது இதன்மேல் வரும் வலுவான ஆட்சேபம். வறுமையை ஒழிப்பது அரசின் வேலை, ஆலோசகரால் ஆவதென்ன என்பார்கள். மரியென்டாலே இதற்கு விடை. அங்கே ஆய்வாளர்கள் சன்னலோரம் இருந்து, ஊர்த் தெருவைக் கடப்பவர்களின் நடைவேகத்தை அளந்தார்கள். பெண்கள் விரைந்து போனார்கள். அவர்களுக்கு அடுப்பும் பிள்ளைகளும் காத்திருந்தன. ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் நின்று நின்று போனார்கள். நாள் முழுக்க ஓய்வு இருந்தும் நூலகத்தில் எடுக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாளின் நடப்பை எழுதித் தரச் சொன்னால், ஆண்களால் சில வரிகளுக்குமேல் எழுத முடியவில்லை. வேலை போனால் கூலியோடு நேர ஒழுங்கு, பிறரோடான பழக்கம், பொதுநோக்கம், மதிப்பு எல்லாம் போகின்றன என்று யஹோடா பின்னாளில் வகுத்துச் சொன்னார். இவை மனத்துக்குள் நடப்பவை. நிர்ப்பந்தம் ஒருவரின் காலவுணர்வையே மாற்றுகிறது என்றால், அதைக் கணக்கில் எடுக்காத வளர்ச்சி உளவியல்தான் உளவியலாகக் குறைவுபட்டது.

இன்னொரு ஆட்சேபம் நம் பக்கமிருந்து வரும்: இவை மேலை நாட்டுக் கோட்பாடுகள், நமக்கு நம்முடையதே போதாதா? எரிக்சன் 1960களின் தொடக்கத்தில் அகமதாபாத் வந்து, 1918ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தை மையமாக வைத்துக் காந்தியைப் பற்றி எழுதினார். அந்த நூல் 1969இல் வெளிவந்தது. அவரோடு பணியாற்றிய சுதிர் கக்கர், வாழ்வின் நான்கு படிகளான ஆசிரமங்களை எரிக்சனின் கட்டங்களோடு ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு செறிவானது. கடமையும் உறவும் முதிர்ச்சியின் பகுதியாகும் இடம் அதில் உண்டு. ஆனால் ஆசிரம முறையும் ஒரு மாதிரியை வைத்தே எழுந்தது. உபநயனத்துக்கு உரிய வருணத்து ஆண்களே அதன் நாயகர்கள். பெண்ணும், உழைத்துப் பிழைத்த சாதியினரும் அந்த நான்கு படிகளில் எங்கே நின்றார்கள்? மிடில்டவுனிடம் கேட்ட கேள்வியை இங்கே கேட்காமல் விட்டால் அது ஓரவஞ்சனை. பெங்களூரில் பணியாற்றும் கிடியன் அருள்மணியின் வழி இதைவிடப் பயனுள்ளது. வேலையைப் பற்றி ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு என்ன நம்பிக்கைகளைக் கொடுத்து வளர்க்கிறது, வரவிருக்கும் வேலைச் சூழலுக்கு அவை எப்படித் தயார்ப்படுத்துகின்றன என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். படித்துக் காத்திருப்பதைவிட இன்றே சம்பாதிப்பது மேல் என்று ஏழைக் குடும்பத்துச் சிறுவன் எண்ணுவதை அறியாமை என்று தள்ளாமல், அவன் வாழும் நிலையிலிருந்து பிறந்த நம்பிக்கையாக எடுத்துப் பேச அது இடம் தருகிறது.

கதையாகத் தன் வாழ்வைக் கட்டிக்கொள்வதே தொழில் என்னும் மார்க் சவிக்கஸின் கோட்பாடும், எதிர்பாராததைப் பயன்படுத்தும் திறனை வளர் என்னும் ஜான் கிரம்போல்ட்ஸ் முதலானோரின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையும் நிலையற்ற வேலைச் சந்தைக்கு எழுந்த மறுமொழிகள். இரண்டும் நடைமுறையில் உதவுகின்றன. ஆனால் எதிர்பாராதது வந்தால் அதைத் தாங்கக் கையில் சேமிப்பு உள்ளவருக்குத்தான் தற்செயல் வாய்ப்பாகிறது; இல்லாதவருக்கு அது விபத்து. ஆகவே நம் பள்ளிகளில் விருப்ப வினாத்தாளை நீட்டும் ஆலோசகர் அதோடு வேறு சிலவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்: இந்த மாணவி எந்த வேலைகளை, எந்த வயதில், யார் சொல்லி மனத்திலிருந்து நீக்கினாள், மேல்படிப்புக்குப் போனால் வீட்டில் எந்த வருமானம் நிற்கும், எடுத்த முடிவை இரண்டு ஆண்டு கழித்து மாற்ற அவளுக்கு வழி உண்டா.